3 வயதிலிருந்து 18 வரை ஒரே தனியார் பள்ளி: பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வருமா, பேச்சு மட்டும் வருமா?

ஹாரோ அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், முதல் தடவையாகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் லண்டன் ஹாரோ பகுதியில் இருக்கிறோம். மகள் அடுத்த செப்டம்பரில் ரிசப்ஷன், அதாவது 4 வயதில் தொடங்கும் முதல் வகுப்பு, சேர வேண்டும். வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளி இருக்கிறது, நல்ல பெயர்தான். ஆனால் கணவரின் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார் என்று போன மாதம் ஒரு தனியார் பள்ளியின் ஓப்பன் டேக்குப் போனோம். ஆல்-த்ரூ பள்ளி. நர்சரியில் 3 வயதில் உள்ளே போனால் ஏ-லெவல் முடித்து 18 வயதில் வெளியே வரலாம், எல்லாம் ஒரே வளாகம். தலைமை ஆசிரியர் இருபது நிமிடம் பேசினார். அதில் "எல்லாப் பக்கமும் வளர்ந்த, தன்னம்பிக்கையுள்ள பிள்ளைகள்" என்பது ஆறு தடவை வந்தது. என் கணவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்புறம் இயர் 8 (12-13 வயது) படிக்கும் இரண்டு பிள்ளைகள் எங்களைச் சுற்றிக் காட்டினார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள், கை குலுக்குகிறார்கள், என் மகளிடம் குனிந்து "உனக்கு முயல் பிடிக்குமா, பின்னால் இருக்கிறது" என்கிறார்கள். நான் அசந்துபோய் நின்றேன். என் மகளோ அந்த ஒரு மணி நேரமும் என் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நர்சரியிலும் அப்படித்தான், வீட்டுக்கு வந்தால்தான் வாய் திறக்கும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. கணவர், "காசைக் கொட்டினால் கை குலுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள், அதைப் போய் தன்னம்பிக்கை என்கிறாயே" என்கிறார். ரிசப்ஷனுக்கு ஒரு டேர்முக்கு (வருடத்துக்கு மூன்று டேர்ம்) 5,800 பவுண்டு, அதன் மேல் 20 சதவீதம் வாட் வரி, ஆக 6,960. வருடத்துக்கு 20,880. எங்களால் பல்லைக் கடித்துக்கொண்டு கட்ட முடியும், ஆனால் பல்லைக் கடிக்கத்தான் வேண்டும்.

அந்தப் பள்ளிக்குள் தினசரி என்னதான் நடக்கிறது, பிள்ளைகள் அப்படி ஆவதற்கு? இல்லை, ஏற்கெனவே அப்படி இருக்கும் பிள்ளைகளைத்தான் பொறுக்கி எடுக்கிறார்களா? பதினாலு வருடம் ஒரே இடத்தில் இருப்பது வாய் பேசாத பிள்ளைக்கு நல்லதா, கெட்டதா? பள்ளிக்கு இன்னொரு தடவை போகப் போகிறோம், அப்போது என்ன கேட்கலாம்? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சுண்ணக்கட்டி:

தங்கச்சி, நான் இப்படி ஒரு பள்ளியில் 11 வருடமாகப் படிப்பிக்கிறேன், லண்டனுக்கு வெளியே. முதல் ஆறு வருடம் ஜூனியரில் (இயர் 6 வரை), இப்போது சீனியரில் (இயர் 7 முதல்). பள்ளியின் பெயர் வேண்டாம்.

முதலில் அந்த இயர் 8 பிள்ளைகள். அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள்தான். எந்தப் பிள்ளை சுற்றிக் காட்டும் என்று நாங்கள் உட்கார்ந்து பட்டியல் போடுகிறோம், முயலைக் காட்டச் சொல்வதும் நாங்கள்தான். அதனால் அவர்களை வைத்து முடிவெடுக்காதேயும்.

ஆனால் உமது கணவர் சொல்வதும் முழுச் சரி இல்லை. கட்டடம், நீச்சல் குளம், நாடக அரங்கு இதெல்லாம் பிள்ளையை மாற்றியதை நான் கண்டதில்லை. மாற்றுவது வேறு. ஒன்று சொல்கிறேன், நீளமாக இருந்தாலும் படியும்.

என் இயர் 4 வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கை உயர்த்த மாட்டான், பெயர் கூப்பிட்டால் காது சிவந்துவிடும். அசெம்பிளியில் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் அன்று காலை வயிற்று வலி. அவனுக்கு நான் கொடுத்த வேலை, தொலைந்த பொருள் பெட்டி. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெயர் எழுதியிருந்தால் உரியவரிடம் கொடுக்க வேண்டும், பெயர் இல்லாவிட்டால் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்க வேண்டும். எங்களுடையது ஒரே வளாகம் அல்லவா, அந்தப் பெட்டியில் சீனியர் பிள்ளைகளின் சாமானும் வரும். முதல் வாரம் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டாம் வாரம் என்னுடன் வந்தான், நான் பேசினேன். மூன்றாம் வாரம் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் (16-18 வயது) வகுப்பின் வாசலில் நின்று, ஆறடி உயரப் பையன்கள் இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ஒற்றைக் கையுறையைத் தூக்கிப் பிடித்து "இது யாருடையது?" என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் எழும்பி வந்து, "ஐயோ, ஒரு மாதமாகத் தேடுகிறேன், நன்றி" என்று வாங்கிக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெட்டியை வேறு யாரையும் தொட விடவில்லை. கோடை டேர்மில் பெயர் எழுதாத தண்ணீர்ப் போத்தல்களைப் பற்றி அசெம்பிளியில் எழும்பி முறைப்பாடு செய்தான், யாரும் கேட்காமலே.

ஆல்-த்ரூ பள்ளியில் உருப்படியான விசயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சின்னப் பிள்ளைக்குப் பெரிய பிள்ளைகள் அந்நியர் இல்லை. இயர் 6 பிள்ளை ரிசப்ஷன் பிள்ளையின் பக்கத்தில் இருந்து புத்தகம் வாசிக்கும், இயர் 12 பிள்ளை இயர் 3 பிள்ளைக்கு வயலின் பிடிக்கக் காட்டும். ஹவுஸ் என்று நாலு அணியாகப் பிரிப்பார்கள், அதில் 5 வயதும் 17 வயதும் ஒரே நிறச் சட்டையில் நிற்கும். பத்து வயதில் "பெரிய ஆள்" ஆகிவிட்டோம் என்று ஒரு திமிர் வரும், அடுத்த வருடம் சீனியரில் மறுபடி சின்ன ஆள். அதுவும் நல்லதுதான்.

இரண்டாவது, ஆசிரியர்கள். சீனியரில் இருக்கும் இசை ஆசிரியர், பிரெஞ்சு ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர் எல்லாம் கீழே வந்து சின்னப் பிள்ளைகளுக்கும் எடுப்பார்கள். அப்போ ஒரு பிள்ளையை ஆறு ஏழு பெரியவர்கள் நாலு வயதிலிருந்து அறிவார்கள். வகுப்பு ஆசிரியருக்குப் பிடிபடாத பிள்ளை பானை வனையும் ஆசிரியரிடம் வாய் ஓயாமல் கதைக்கும். நாங்கள் ஸ்டாஃப் ரூமில் "உன்னோடு கதைக்கிறாளா? என்னோடு ஒரு சொல் இல்லையே" என்று சொல்லிக்கொள்வோம், அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று தெரிய வருகிறது.

மூன்றாவது, நேரம். தனியார் பள்ளி தேசியப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டிய சட்டக் கட்டாயம் இல்லை, அரசுப் பள்ளிகளில் இயர் 6இல் எழுதும் சாட்ஸ் பரீட்சையும் கட்டாயம் இல்லை. அந்த நேரம் மிச்சம். அதை நாடகத்துக்கும் காட்டுக்குள் போவதற்கும் செலவழிக்கிற பள்ளியும் உண்டு, அப்படியே மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வான 11 பிளஸ் பயிற்சியில் கரைக்கிற பள்ளியும் உண்டு. எது என்று கேட்டுப் பாரும்.

நீர் திரும்பப் போகும்போது ஒரு வேலை செய்யும். போன வருடத்து இசை நிகழ்ச்சி, நாடகம், விளையாட்டு நாள், எல்லாவற்றின் நிகழ்ச்சி நிரலையும் கேட்டு வாங்கி அதில் இருக்கிற பெயர்களைப் பாரும். அதே பத்துப் பெயர் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்தால், எல்லாப் பக்கமும் வளர்வது அந்தப் பத்துப் பேர்தான், மிச்சப் பேர் கை தட்டுகிறார்கள். விளையாட்டிலும் அப்படித்தான்: ஏ அணியின் கோப்பையைப் பார்க்காமல், சி அணிக்கும் டி அணிக்கும் வேறு பள்ளிகளோடு ஆட்டம் வைக்கிறார்களா என்று கேளும். பந்து பிடிக்கத் தெரியாத பிள்ளையும் பஸ்ஸில் ஏறி இன்னொரு ஊருக்குப் போய்த் தோற்று, ஆரஞ்சுத் துண்டு தின்றுவிட்டு வர வேண்டும்.


இரட்டை ஷிப்ட்:

அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. "18 வரை" என்று அவர்கள் சொல்வது உங்களுக்குக் கொடுத்த வாக்கு இல்லை.

என் பையன் 4 வயதில் இப்படி ஒரு பள்ளியில் சேர்ந்தான். சேர்க்கும்போது "இனி நீங்கள் பள்ளி தேட வேண்டியதே இல்லை" என்றார்கள். நானும் மனைவியும் மருத்துவமனையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், எங்களுக்கு அந்த ஒரு வரிதான் இனித்தது. காலை எட்டுக்கு விட்டால் மாலை ஆறுக்கு எடுக்கலாம், சாப்பாடு உள்ளேயே, வேறு என்ன வேண்டும். பையனும் சந்தோஷமாக இருந்தான். பொய் சொல்லக் கூடாது, அந்த ஏழு வருடமும் நல்ல வருடங்கள்தான்.

இயர் 6 நவம்பரில் கூப்பிட்டார்கள். தேநீர், பிஸ்கட், ரொம்ப மரியாதை. "சீனியர் பள்ளியின் வேகம் அவனுக்கு ஒத்து வருமா என்று யோசிக்கிறோம், அவன் இன்னொரு இடத்தில் மலரக்கூடும்." மலரக்கூடும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை எப்படி வெளியே அனுப்ப முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே இருந்து மேலே போகவும் ஒரு தேர்வு உண்டாம், அதில் அவன் மதிப்பெண் குறைவாம். அதற்குள் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளான அக்டோபர் 31 போய்விட்டது. தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளான கிராமர் பள்ளிகளுக்கெல்லாம் பெரும்பாலும் இயர் 5 முடியும் முன்பே பதிய வேண்டும், தேர்வே பெரும்பாலும் இயர் 6 செப்டம்பரில் முடிந்துவிடும். பிந்திய விண்ணப்பமாகப் போட்டு, இடம் அறிவிக்கும் மார்ச் 1 வரும்வரை தூக்கமில்லாமல் இருந்தோம்.

அவனுக்கு அதில் அடிபட்டது படிப்பு இல்லை. ஏழு வருடம் "நீ எங்களில் ஒருவன்" என்று சொன்ன இடம் வேண்டாம் என்று சொன்னது. தன்னம்பிக்கை எங்கே போகும்? இப்போது வேறு பள்ளியில் தேறிவிட்டான், ஆனால் அந்தச் சாலை வழியாகப் போனால் இன்றைக்கும் கார் ஜன்னலில் பார்க்க மாட்டான்.

அதனால் கேளுங்கள்: ஜூனியரிலிருந்து சீனியருக்குப் போவது தானாக நடப்பதா, தேர்வு வைத்தா? கடந்த மூன்று வருடத்தில் இயர் 6 முடித்தவர்களில் எத்தனை பேர் மேலே போகவில்லை, அவர்களாகப் போனார்களா, சொல்லப்பட்டுப் போனார்களா? முடிவை எப்போது சொல்வார்கள்? இயர் 5 முடிவதற்குள் சொல்கிற பள்ளிதான் நேர்மையான பள்ளி. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். அப்படியே ஒப்பந்தத்தில் விலகும் நோட்டீஸ் பற்றிய பகுதியையும் படியுங்கள். பெரும்பாலும் ஒரு முழு டேர்ம் முன்னால் சொல்ல வேண்டும், தவறினால் அந்த டேர்மின் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.


ஹாரோ அம்மா:

அண்ணா, படித்துவிட்டு மனசு கனத்துவிட்டது. தேர்வு வைத்து மேலே அனுப்புவது பற்றி அந்தத் தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கா, நீங்கள் சொன்ன தொலைந்த பொருள் பெட்டியை இரவு கணவரிடம் வாசித்துக் காட்டினேன். "இது அந்த டீச்சரின் திறமை, பள்ளியின் திறமை இல்லை" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.


சுண்ணக்கட்டி:

அவர் சொன்னதில் பாதி உண்மை, கெட்டிக்காரர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு எட்டு வயதுப் பிள்ளை தனியாக சீனியர் கட்டடத்துக்குள் நடந்து போவதை அந்தப் பள்ளி அனுமதித்தது, அங்கே இருந்தவர்கள் பாடத்தை நிறுத்திக் காது கொடுத்தார்கள். அது நான் செய்தது இல்லை. வேறொரு பள்ளியில் இதே வேலையைக் கொடுத்திருந்தால் பதினாறு படிவம் நிரப்பியிருப்பேன்.

தம்பிக்கு நடந்தது போல எங்கள் பக்கத்திலும் நடப்பதுண்டு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.


பதினாலு வருஷம்:

நான் அந்தப் பதினாலு வருடத்தையும் முழுசாக முடித்தவன். ரிசப்ஷனிலிருந்து ஏ-லெவல் வரை ஒரே கேட். இப்போது 26 வயது. அம்மா அப்பாக்கள் பேசிக்கொள்கிற இடத்தில் பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு குரல்.

நல்லது நிறைய. பெரியவர்களோடு பேச எனக்குப் பயமே கிடையாது, வேலை நேர்காணலில் எல்லாம் நண்பர்கள் நடுங்கும்போது நான் சாதாரணமாக இருப்பேன். அதற்கு ஒரே நாளில் நடந்த ஏதோ ஒன்று காரணம் இல்லை. வாரா வாரம் ஏதாவது ஒரு சின்ன இடத்தில் எழுந்து நின்று ஏதாவது சொல்லியாக வேண்டும், அது பழகிப்போனது, அவ்வளவுதான். லாம்டா பேச்சுத் தேர்வு கிரேடு கிரேடாக எழுதினேன் (ஆறாம் கிரேடிலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளியும் உண்டு). இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதுத் திட்டத்தில் வெண்கலம் எடுத்தேன், இயர் 9இல், ஒரு இரவு மழையில் கூடாரம் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க நனைந்த காலுறையோடு படுத்திருந்தோம், வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தவன் நான்தான், இன்றுவரை அந்த நான்கு பேரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இளவரசர் ஃபிலிப் 1956இல் தொடங்கியது அது, அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறது, தனியார் பள்ளிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. ஆனால் எங்கள் பள்ளியில் சேராமல் இருந்தால்தான் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு வித்தியாசம் பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

கெட்டது சொல்கிறேன். இயர் 1இல் ஒரு நாடகத்தில் மேடையில் அழுதுவிட்டேன். ஆறு வயது. இயர் 10இலும் ஒரு ஆசிரியர் என்னைப் பார்த்து "நீதானே அந்த அழுத ஆட்டுக்குட்டி" என்றார், பாசமாகத்தான். பிள்ளையை எல்லோருக்கும் தெரியும் என்று சுண்ணக்கட்டி அக்கா சொல்வது இருக்கிறதே, அது பிள்ளைக்குக் கால்விலங்காகவும் ஆகும். நான் மாறிவிட்டேன், என் கோப்பு மாறவில்லை. இயர் 7இல் வெளியிலிருந்து புதுப் பிள்ளைகள் பாதிக்குப் பாதி வந்து சேர்ந்தார்கள், அப்போதுதான் மூச்சு விட்டேன், அவர்களுக்கு ஆட்டுக்குட்டி தெரியாது. அதனால் ஹாரோ அக்கா, இயர் 7இலும் சிக்ஸ்த் ஃபார்மிலும் எத்தனை புது ஆட்கள் வருகிறார்கள் என்று கேளுங்கள். யாருமே புதிதாக வராத பள்ளி என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ரக்பி மைதானத்தில் எல்லோரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கத்துவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர், பாஸ்போர்ட்டில் கடைசியாக இருப்பது அப்பாவின் பெயர். ஆக வருடக்கணக்காக மைதானம் முழுக்க என் அப்பாவைத் திட்டினார்கள். "ஓடு, ஏன் நிற்கிறாய், பந்தை விட்டுவிட்டாயே" என்று அவர் பெயரைச் சொல்லி. ஒரு சனிக்கிழமை அப்பா ஆட்டம் பார்க்க வந்திருந்தார். முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொரு கத்தலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், அப்புறம் எனக்காக அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை என்றதும் நினைவு வருகிறது. ஆட்டங்கள் சனிக்கிழமை காலையில்தான் இருக்கும், தமிழ்ப் பள்ளியும் சனிக்கிழமை காலையில்தான். இயர் 5இல் தமிழ்ப் பள்ளி போனது. இப்போது நான் எழுதுகிற தமிழ் எல்லாம் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது பாட்டியோடு தொலைபேசியில் பேசி, அப்புறம் நானாக எழுத்துக் கூட்டிப் பழகியது.


கணக்குப்பிள்ளை:

உணர்ச்சியை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போமா. என் தொழில் அது.

நீங்கள் சொன்ன 20,880 என்பது ரிசப்ஷன் விலை. மேலே போகப் போக ஏறும், சீனியர் கட்டணம் எப்போதும் ஜூனியரைவிட அதிகம். விலைவாசியை எல்லாம் விட்டுவிட்டு, சராசரி வருடத்துக்கு 25,000 என்றே வைத்தாலும் 14 வருடத்துக்கு 3,50,000 பவுண்டு. அது வரி கட்டிய பிறகு கையில் வரும் பணம். வாட் 2025 ஜனவரி 1இலிருந்து வந்தது, அதே ஏப்ரலில் இங்கிலாந்தில் அறக்கட்டளையாக நடக்கும் தனியார் பள்ளிகளுக்கு இருந்த பிசினஸ் ரேட்ஸ் (கட்டடத்துக்கான உள்ளாட்சி வரி) சலுகையும் போனது. அந்தச் சுமையும் உங்கள் பில்லில்தான் ஏதோ ஒரு வடிவத்தில் வந்து உட்காரும். நர்சரி வகுப்புக்கு வாட் இல்லை என்பதால் முதல் வருடப் பில்லைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு, ரிசப்ஷன் பில் வந்ததும் விழிப்பார்கள். சீருடை, பஸ், இசை வகுப்பு, பனிச்சறுக்குச் சுற்றுலா எல்லாம் தனி. ஸ்காலர்ஷிப் என்ற பெயரைக் கேட்டு நம்ப வேண்டாம், பல இடங்களில் அது பெருமைக்குக் கொடுக்கும் சிறு தள்ளுபடி. வருமானம் பார்த்துக் கொடுக்கும் பர்சரிதான் உண்மையான உதவி, அது பெரும்பாலும் சீனியரில்தான் தொடங்கும்.

இரண்டாவது பிள்ளை வந்தால் என்ன செய்வீர்கள்? ஒருத்திக்குத் தனியார், இன்னொருத்திக்கு அரசு என்று ஒரே வீட்டில் வைக்க முடியுமா? எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் தகராறே இதுதான்.

என் பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளிதான். பெரியவள் காம்ப்ரிஹென்சிவ், தேர்வு இல்லாமல் சேர்க்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. சுற்று வட்டாரத்து நாடகக் குழு, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி, கோடையில் நூலகத்தில் தன்னார்வ வேலை, டியூக் ஆஃப் எடின்பரோ அவள் பள்ளியிலேயே. மொத்தச் செலவு வருடத்துக்கு ஆயிரம்கூட வராது. எதிரில் யார் இருந்தாலும் பேசுவாள், அதுவும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எல்லா விதமானவர்களோடும். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிள்ளைகள்தான் இந்த நாட்டில் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள், மிச்சப் பேர் எல்லாம் வாய் இல்லாதவர்களா? இன்னொன்று, 3 அல்லது 4 வயதிலிருந்து 18 வரை ஒரே பள்ளி என்பது அரசிலும் இருக்கிறது, ஆல்-த்ரூ அகாடமிகள். ஒரே இடம் என்பதுதான் உங்களுக்கு வேண்டுமானால் அதைக் காசு இல்லாமலும் தேடலாம்.

கிராமர் என்று ஓடுகிறவர்களுக்கு: இங்கிலாந்தில் மொத்தம் 163தான், ஹாரோவுக்குள் ஒன்றும் இல்லை, பார்னெட், ஸ்லாவ், பக்கிங்ஹாம்ஷைர் என்று வெளியே போக வேண்டும்.


சுண்ணக்கட்டி:

கணக்குப்பிள்ளை, உம்முடைய மகள் நன்றாக வந்தது சந்தோஷம். ஆனால் நூலகம், நாடகக் குழு, தமிழ்ப் பள்ளி, மூன்றுக்கும் அவளை யார் கொண்டுபோய் விட்டது? நீரும் மனைவியும். சனி ஞாயிறு முழுக்கக் காரில். இரட்டை ஷிப்ட் தம்பியின் வீட்டில் அது நடக்காது. தனியார் பள்ளி விற்பது பாதிக்கு மேல் அதுதான், பெற்றாரின் சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று. அப்படிச் சொல்லிவிட்டு அதே சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூப்பிடுவதும் அவர்கள்தான், சரி விடும்.

தங்கச்சிக்கு இன்னொன்று. பல தனியார் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஐஎஸ்ஐ அமைப்பின் அறிக்கையை இணையத்தில் எடுத்துப் படியும். 2023 செப்டம்பரிலிருந்து முந்தி மாதிரி "மிகச் சிறந்தது" என்று ஒற்றைச் சொல் தீர்ப்புக் கொடுப்பதில்லை, அரசு விதித்த தரங்களை எட்டினதா இல்லையா என்றுதான் சொல்வார்கள். அதற்கு முந்திய பழைய அறிக்கையின் ஒற்றைச் சொல்லை இன்னும் பதாகையில் தொங்கவிடுகிற பள்ளிகள் உண்டு, தேதியைப் பாரும். பிள்ளைகளின் மனநலம், பாதுகாப்பு பற்றிய பகுதியை முதலில் படியும். பரீட்சைப் பெறுபேறு கடைசியில்.

சுற்றிக் காட்டுகிற பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வியும் சொல்கிறேன். "நீ எந்தக் கிளப்பை விட்டுவிட்டாய்?" என்று கேளும். எதில் சேர்ந்தாய் என்பதற்குப் பதில் நாங்கள் சொல்லிக் கொடுத்திருப்போம். இதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.


ஹாரோ அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நேற்று போய் வந்தோம். ஓப்பன் டே இல்லை, சாதாரண புதன்கிழமை, கேட்டதும் சரி என்றார்கள். கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார், கையில் ஒரு தாளில் உங்கள் கேள்விகளை எல்லாம் எழுதிக்கொண்டு.

நிகழ்ச்சி நிரல்களைக் கேட்டோம். அலுவலகத்தில் இருந்த பெண்மணிக்கு ஆச்சரியம், ஆனால் தேடி எடுத்துக் கொடுத்தார். காரில் உட்கார்ந்து பேனாவால் பெயர்களை வட்டமிட்டோம். ஜூனியரில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் ஏதோ ஒரு இடத்தில் வருகிறது. சீனியர் நாடகத்தில் கதாநாயகி மூன்று வருடமாக ஒரே பெண். ஆனால் ஒலி, ஒளி, உடை, மேடை என்று பின்பக்கம் முப்பது பெயர், அதுவும் வருடா வருடம் மாறுகிறது. சி அணி உண்டு, டி அணிக்கு ஆட்டம் இல்லை.

சுற்றிக் காட்ட இந்த முறை ஒரு இயர் 9 பெண் வந்தாள். எந்தக் கிளப்பை விட்டாய் என்று கேட்டேன். ஒரு நொடி நின்றாள். அப்புறம், "செஸ். தோற்றுக்கொண்டே இருந்தேன். மிஸ் ஒரு டேர்ம் முழுக்க வரச் சொன்னார், வந்தேன், அப்பவும் தோற்றேன், அதற்கப்புறம் விடலாம் என்று சொன்னார்" என்றாள். என் கணவர் சிரித்துவிட்டார். அந்தப் பள்ளியில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மகள் இந்தத் தடவையும் கோட்டுக்குள்தான். முயல் கூண்டுக்குப் பக்கத்தில் மட்டும் வெளியே வந்து, அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று இருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

மேலே போவதற்குத் தேர்வு உண்டாம், ஆனால் முடிவை இயர் 5 கோடை டேர்மில் சொல்லிவிடுவார்களாம். போன மூன்று வருடக் கணக்கை எழுத்தில் அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் வரவில்லை. அரசுப் பள்ளிக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளான ஜனவரி 15 வரை இழுக்காமல் நேற்று இரவே போட்டுவிட்டோம், ஏழு நிமிட நடைப் பள்ளி முதல் விருப்பம். தனியார் பள்ளிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை. இரட்டை ஷிப்ட் அண்ணா, அந்த முன்பணம் பிள்ளை சேராவிட்டால் திரும்பக் கிடைக்குமா, உங்களுக்கு என்ன செய்தார்கள்?


இரட்டை ஷிப்ட்:

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சேர்க்காவிட்டால் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. பிள்ளை சேர்ந்து படித்தால் கடைசி டேர்ம் பில்லில் கழிப்பார்கள், எங்களுக்கு அப்படித்தான் கழித்தார்கள். அந்த மூன்று வருடக் கணக்கு எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.